கலிலியோ இறந்த வருடத்தில் நியூட்டன் பிறக்கவில்லை: பழைய தேதி, புதிய தேதி ஓர் எளிய அறிமுகம்

ஜனவரி 8 வந்துவிட்டால் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்ற ஆரம்பித்துவிடும். கலிலியோ இறந்த வருடம்தான் நியூட்டன் பிறந்தார். கலிலியோ இறந்து சரியாக 300 ஆண்டு கழித்து அதே நாளில் ஸ்டீபன் ஹாக்கிங் பிறந்தார். ஐன்ஸ்டீன் பிறந்த அதே தேதியில் ஹாக்கிங் இறந்தார். ஆசிரியர்கள் வகுப்பில் சொல்வார்கள், மேடைப் பேச்சாளர்கள் கைதட்டல் வாங்குவார்கள். கொஞ்சம் தாராள மனசுக்காரர்கள் மறுபிறவி வரைக்கும் போய்விடுவார்கள்.

மூன்றில் இரண்டு சரி. கலிலியோ இறந்தது 1642 ஜனவரி 8. ஹாக்கிங் பிறந்தது 1942 ஜனவரி 8. ஐன்ஸ்டீன் பிறந்தது 1879 மார்ச் 14. ஹாக்கிங் மறைந்தது 2018 மார்ச் 14. (தான் பிறந்த அன்றைக்கு உலகத்தில் இன்னும் இரண்டு லட்சம் குழந்தைகளாவது பிறந்திருக்கும் என்று ஹாக்கிங்கே ஒரு கணக்குப் போட்டு, அந்தப் பெருமையை லேசாகத் தட்டிவிட்டிருக்கிறார்.)

இடறுவது முதல் கூற்றுதான். கலிலியோ 1642இல் இறந்தார் என்பது உண்மை. நியூட்டன் 1642 டிசம்பர் 25 அன்று பிறந்தார் என்று இங்கிலாந்தில் எழுதி வைத்திருப்பதும் உண்மை. ஆனால் இரண்டையும் சேர்த்து "ஒரே வருடம்" என்று சொன்னால் அது தப்பு. காரணம், இரண்டு தேதிகளும் ஒரே நாட்காட்டியில் எழுதப்பட்டவை அல்ல. கணித, அறிவியல் மேதைகளின் பிறந்தநாள், நினைவுநாள், நூற்றாண்டு என்று நாம் கொண்டாடுகிறவற்றில் நிறைய இந்தச் சிக்கலுக்குள் மாட்டிக்கொண்டவை.

## தேதி என்பது கதவு எண்

சென்னையில் குடியிருப்பவர்கள் முகவரி எழுதும்போது "பழைய எண் 14, புதிய எண் 31" என்று இரண்டையும் போடுவார்கள். மாநகராட்சி எண்ணை மாற்றிவிட்டது. வீடு இருந்த இடத்திலேயேதான் இருக்கிறது. வெறுமனே 31 என்று மட்டும் எழுதினால் ஆபத்து. பழைய எண் 31 என்று அதே தெருவில் வேறு ஒரு வீடு இருக்கும்.

தேதியும் இப்படித்தான். ஒரு நாள் என்பது நிஜமான ஒன்று: சூரியன் உதித்து மறைந்த ஒரு பொழுது. தேதி என்பது அந்த நாளுக்கு ஒரு நாட்காட்டி கொடுத்த எண். வேறு நாட்காட்டி வேறு எண் கொடுக்கும். நாள் நகராது.

1715இல் ஐரோப்பாவின் மேல் ஒரு சூரிய கிரகணம் போனது. எட்மண்ட் ஹாலி, அந்த வால் நட்சத்திரத்து ஹாலிதான், நிலவின் நிழல் இங்கிலாந்தில் எந்தெந்த ஊர்கள் வழியாகப் போகும் என்று முன்கூட்டியே வரைபடம் போட்டு அச்சிட்டார். லண்டனில் அந்தக் காலை நேரத்துக்கு 1715 ஏப்ரல் 22 என்று பெயர். அதே காலையில் பாரிஸில் நின்று அதே கிரகணத்தைப் பார்த்தவர் தன் குறிப்பேட்டில் எழுதியிருக்க வேண்டிய தேதி மே 3. நிழல் ஒன்று, நேரம் ஒன்று, தேதி இரண்டு.

இதுவரை சொன்னது இவ்வளவுதான்: தேதியைச் சொன்னால் மட்டும் நாள் தெரிந்துவிடாது. எந்த நாட்காட்டியின் தேதி என்றும் சொல்ல வேண்டும்.

## 11 நிமிடம் செய்த வேலை

எண்ணை எதற்காக மாற்றினார்கள்? அதற்கு வருடம் என்றால் என்ன என்று பார்க்க வேண்டும்.

மார்ச் மாதத்தில் ஒரு நாள் பகலும் இரவும் ஏறத்தாழச் சமமாக இருக்கும். இதைச் சம இரவு நாள் என்பார்கள். ஒரு மார்ச் சம இரவிலிருந்து அடுத்த மார்ச் சம இரவு வரை ஆகும் காலம்தான் பருவ ஆண்டு. வெயில், மழை, பனி எல்லாம் இதன்படிதான் வரும். இதன் நீளம் 365 நாள், 5 மணி, 48 நிமிடம், சுமார் 45 விநாடி. முழு நாள்களாக வராமல் இப்படிப் பிசிறோடு இருப்பதுதான் எல்லாத் தொல்லைக்கும் மூலம்.

ரோமில் ஜூலியஸ் சீசர் கி.மு. 46இல் நாட்காட்டியை ஒழுங்குபடுத்தினார். அலெக்சாண்ட்ரியாவைச் சேர்ந்த சோசிஜெனிஸ் என்ற வானியலாளரின் யோசனைப்படி, வருடத்துக்கு 365 நாள், நான்கு வருடத்துக்கு ஒருமுறை ஒரு நாள் கூடுதல் என்று விதி வகுத்தார்கள். கூடுதல் நாள் வரும் வருடம் லீப் ஆண்டு. இந்த முறை ஜூலியன் நாட்காட்டி. எளிமையான விதி, யாருக்கும் மறக்காது. ஆனால் இதன்படி சராசரி வருடம் 365 நாள் 6 மணி நேரம். உண்மையான பருவ ஆண்டைவிட 11 நிமிடத்துக்குச் சற்று அதிகம்.

11 நிமிடம் என்ன பெரிய விஷயம் என்று தோன்றும். ஒரு மனிதனின் ஆயுளில் ஒன்றுமே தெரியாது. ஆனால் அது சேர்ந்துகொண்டே போகும். சுமார் 128 வருடத்தில் ஒரு முழு நாள் ஆகிவிடும். கி.பி. 325இல் நைசியாவில் கூடிய கிறிஸ்தவப் பேரவைக் காலத்தில் மார்ச் 21ஐ ஒட்டி வந்த சம இரவு, 1582 வாக்கில் மார்ச் 11க்கு வந்து நின்றது. இடையில் 1257 ஆண்டு. 128ஆல் வகுத்துப் பாருங்கள், ஏறத்தாழ 10 வரும். ஈஸ்டர் பண்டிகையின் தேதி சம இரவை வைத்துக் கணக்கிடப்படுவதால் திருச்சபைக்கு இது உறுத்தியது. விவசாயிக்கு இது பெரிய கவலையாக இருந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

## 10 நாளைக் காணோம்

தீர்வைத் தந்தவர் இத்தாலியின் தெற்கே கலாப்ரியாவில் பிறந்த லூயிஜி லிலியோ என்ற மருத்துவர். அது அமலுக்கு வருவதைப் பார்க்க அவர் உயிரோடு இல்லை, 1576இலேயே இறந்துவிட்டார். அவருடைய திட்டத்தை எடுத்து விளக்கி, எதிர்ப்புகளுக்குப் பதில் எழுதி நிலைநிறுத்தியவர் கிறிஸ்டோபர் கிளாவியஸ் என்ற யேசு சபைக் கணித அறிஞர். பெயர் என்னவோ ஆணையிட்ட போப் பதின்மூன்றாம் கிரெகோரிக்குப் போய்விட்டது. கிரெகோரியன் நாட்காட்டி என்று இன்று உலகம் முழுக்கச் சுவரில் தொங்குவது இதுதான்.

திட்டத்தில் இரண்டு வேலை. ஒன்று, சேர்ந்துவிட்ட 10 நாள்களை ஒரே மூச்சில் கழிப்பது. 1582 அக்டோபர் 4 வியாழக்கிழமை. மறுநாள் வெள்ளிக்கிழமை, ஆனால் தேதி அக்டோபர் 15. கிழமை மட்டும் துண்டுபடவே இல்லை என்பதைக் கவனியுங்கள், பின்னால் உதவும். ஸ்பெயினில் அவிலாவின் புனித தெரசா சரியாக அந்த இரவில் காலமானார். அவருடைய திருநாள் இன்றும் அக்டோபர் 15.

இரண்டாவது வேலை, இனிமேல் பிழை சேராமல் தடுப்பது. 100ஆல் வகுபடும் வருடங்கள் லீப் ஆண்டு அல்ல. ஆனால் 400ஆல் வகுபட்டால் லீப் ஆண்டுதான். ஆகவே 1700, 1800, 1900 லீப் ஆண்டுகள் அல்ல; 1600, 2000 லீப் ஆண்டுகள். "நான்கு வருடத்துக்கு ஒருமுறை லீப் வருடம்" என்று பள்ளியில் படித்துவிட்டு அத்தோடு நிறுத்திக்கொள்கிறோம். கணினிக்காரர்களும் விதிவிலக்கில்லை: எக்செல் தாளில் ஒரு கட்டத்தில் 60 என்று போட்டு, அதைத் தேதியாகக் காட்டச் சொல்லுங்கள். 1900 பிப்ரவரி 29 என்று, உலகத்தில் இல்லவே இல்லாத ஒரு நாளைக் காட்டும். அதற்கு முன்பிருந்த லோட்டஸ் மென்பொருளோடு ஒத்துப்போக வேண்டும் என்பதற்காக அந்தப் பிழையை அப்படியே வைத்துக்கொண்டார்கள்.

புதிய விதிப்படி 400 வருடத்தில் 97 லீப் நாள். சராசரி வருடம் 365.2425 நாள். பருவ ஆண்டு 365.2422. ஒரு நாள் பிசக 3000 ஆண்டுக்கு மேல் ஆகும். தொலைநோக்கி வருவதற்கு முன்பே செய்த கணக்கு இது.

## ஊருக்கு ஊர் ஒரு தேதி

போப்பின் ஆணையை யார் கேட்பார்கள்? கத்தோலிக்க நாடுகள் கேட்டன. இத்தாலியின் பெரும்பகுதி, ஸ்பெயின், போர்ச்சுகல், போலந்து உடனே மாறின. பிரான்ஸ் அதே வருட டிசம்பரில் மாறியது. ஜெர்மனியின் புராட்டஸ்டண்ட் பகுதிகள் 1700 வரை இழுத்தன. பிரிட்டன் 1752, ரஷ்யா 1918, கிரேக்கம் 1923. இடைப்பட்ட காலத்தில் ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குக் கடிதம் எழுதிய அறிஞர்கள் பின்னம் எழுதுகிற மாதிரி இரண்டு தேதியையும் ஒன்றாகப் போட்டார்கள்: 10/20 ஜூன் என்று. பழைய எண், புதிய எண் வழக்கம் அப்போதே இருந்திருக்கிறது.

இதனால் வரலாற்றில் ஜூலியன் தேதியைப் பழைய முறை என்றும், கிரெகோரியன் தேதியைப் புதிய முறை என்றும் சொல்கிறார்கள்.

பிரிட்டன் மாறியபோது 1752 செப்டம்பர் 2 புதன்கிழமைக்கு மறுநாள் செப்டம்பர் 14 வியாழக்கிழமை. லினக்ஸ் கணினியில் நாட்காட்டி காட்டும் கட்டளையைக் கொடுத்து 1752 செப்டம்பரைக் கேட்டால் இன்றும் முதல் வரியில் 1, 2, 14, 15, 16 என்றுதான் வரும். "எங்கள் 11 நாளைத் திருப்பிக் கொடு" என்று மக்கள் கலவரம் செய்ததாக ஒரு கதை உண்டு. அதற்கு வலுவான சான்று கிடையாது. வில்லியம் ஹோகார்த் 1755இல் வரைந்த தேர்தல் விருந்து ஓவியத்தில் அந்த வாசகம் எழுதிய பலகை ஒன்று தரையில் கிடக்கும். கேலிச் சித்திரத்தைப் பிற்காலத்தில் செய்தியாகப் படித்துவிட்டார்கள் என்பதே இன்றைய வரலாற்றாளர்கள் பலரின் கருத்து.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது சுவீடன் அடித்த கூத்து. ஒரேயடியாக 11 நாளைக் கழிக்க வேண்டாம், 1700இலிருந்து 40 வருடத்துக்கு லீப் நாளே இல்லாமல் ஓட்டி மெதுவாகப் போய்ச் சேர்ந்துகொள்ளலாம் என்று திட்டம் போட்டார்கள். 1700இல் லீப் நாளை விட்டார்கள். அப்புறம் போர் வந்தது. 1704, 1708 இரண்டு தடவையும் வழக்கம்போல் லீப் நாள் வந்துவிட்டது. இதனால் சுவீடன் தேதி பழையதோடும் ஒட்டாமல் புதியதோடும் ஒட்டாமல் தனியே நின்றது. சரி, பழையதுக்கே திரும்பிவிடுவோம் என்று 1712இல் ஒரு நாளைக் கூட்டினார்கள். அந்த வருடம் சுவீடனில் பிப்ரவரி 30 இருந்தது. உயிரினங்களுக்கு இரட்டைப் பெயர் வைக்கும் முறையை நிலைநிறுத்திய கார்ல் லின்னேயஸ் இந்தக் குழப்பத்துக்கு நடுவில் பிறந்தவர். சுவீடன் கணக்கில் 1707 மே 13. ஜூலியன் கணக்கில் மே 12. நாம் கொண்டாடுவது மே 23.

## வருடம் எப்போது பிறக்கிறது?

நாள் எண் மட்டும் மாறியிருந்தால் பரவாயில்லை. இங்கிலாந்தில் சட்டப்படி புது வருடம் ஜனவரி 1 அன்று தொடங்கவில்லை; மார்ச் 25 அன்று தொடங்கியது. அதாவது 1726 டிசம்பர் 31க்கு அடுத்த நாள் 1726 ஜனவரி 1. அந்த ஜனவரி, பிப்ரவரி, மார்ச்சின் முதல் 24 நாள் எல்லாம் பழைய வருடத்தின் வால். ஸ்காட்லாந்து 1600இலேயே ஜனவரி 1க்கு மாறிவிட்டது. இங்கிலாந்து 1752இல்தான் மாறியது. அதனால் இங்கிலாந்தின் 1751ஆம் வருடத்துக்கு மொத்தமே 282 நாள்.

லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் நியூட்டனின் நினைவுச் சின்னத்தில் லத்தீனில் வெட்டியிருக்கும் எழுத்தைப் படித்தால், பிறப்பு 1642 டிசம்பர் 25, இறப்பு 1726 மார்ச் 20 என்று ரோமன் எண்களில் இருக்கும். கழித்துப் பார்த்தால் 83 வயது. ஆனால் அவர் வாழ்ந்தது 84 வருடம். மார்ச் 20க்கு ஐந்து நாள் கழித்துத்தான் அங்கே 1727 பிறந்தது. அதனால் கல்லில் 1726. கல்வெட்டிலும் பிழையில்லை, 1727 என்று போடும் புத்தகத்திலும் பிழையில்லை. இந்தச் சங்கடத்தைத் தவிர்க்க அந்தக் காலத்திலேயே 1726/7 என்று இரண்டு வருடத்தையும் சேர்த்து எழுதும் பழக்கம் இருந்தது.

ஆக, ஒரு பழைய ஆங்கிலத் தேதியில் இரண்டு கேள்வி ஒளிந்திருக்கிறது. நாள் எண் எந்த முறை? வருடம் எந்த மாதத்தில் தொடங்கியது?

## கலிலியோவும் நியூட்டனும்

இப்போது கணக்கைப் போட்டுவிடலாம். 1600களில் இரண்டு நாட்காட்டிகளுக்கும் 10 நாள் இடைவெளி.

கலிலியோ இறந்தது இத்தாலியில், பிளாரன்ஸை ஒட்டிய ஆர்செட்ரியில். அங்கே புதிய முறை: 1642 ஜனவரி 8. நியூட்டன் பிறந்தது இங்கிலாந்தின் லிங்கன்ஷயரில். அங்கே பழைய முறை: 1642 டிசம்பர் 25. இதைப் புதிய முறைக்கு மாற்றினால் 10 நாள் கூட்ட வேண்டும். 1643 ஜனவரி 4 வரும். வருடம் தாண்டிவிட்டது.

சரி, இருவரையும் பழைய முறையில் வைத்துப் பார்ப்போம் என்று யாராவது சமாதானம் சொல்லலாம். அப்போது நியூட்டன் 1642 டிசம்பர் 25 என்றே இருப்பார். ஆனால் கலிலியோவின் தேதியிலிருந்து 10 நாள் கழிக்க வேண்டும். 1641 டிசம்பர் 29 வரும். மறுபடியும் வேறு வருடம்! புதிய முறையில் 1642, 1643. பழைய முறையில் 1641, 1642. எந்த முறையில் போட்டாலும் இருவரும் ஒரே வருடத்தில் சந்திக்கவில்லை. ஒருவருக்குப் பழைய எண்ணையும் இன்னொருவருக்குப் புதிய எண்ணையும் போட்டால்தான் சந்திக்கிறார்கள்.

கலிலியோ இறந்து ஒரு வருடத்துக்குள் நியூட்டன் பிறந்தார் என்று சொன்னால் அது முழுக்க உண்மை. இடைவெளி 361 நாள். ஆனால் "ஒரு வருடத்துக்குள்" என்றால் மேடையில் கைதட்டல் கொஞ்சம் குறையும்.

ஹாக்கிங் பொருத்தம் ஏன் தப்பவில்லை என்பதும் இப்போது விளங்கும். 1642இன் இத்தாலியும் 1942இன் இங்கிலாந்தும் ஒரே கிரெகோரியன் நாட்காட்டியைப் பயன்படுத்தின.

நியூட்டன் கிறிஸ்துமஸ் அன்று பிறந்தாரா என்றால், ஆமாம். அவர் பிறந்த வீட்டில் அன்றைக்குக் கிறிஸ்துமஸ்தான். பாரிஸில் அந்தக் கிறிஸ்துமஸ் முடிந்து பத்து நாள் ஆகியிருந்தது.

## 10, 11, 12, 13

இடைவெளி எப்போதும் 10 அல்ல. 1700ஐ ஜூலியன் லீப் ஆண்டாக எடுத்துக்கொண்டது, கிரெகோரியன் விட்டுவிட்டது; 1700 பிப்ரவரிக்கு அப்புறம் இடைவெளி 11. அப்படியே 1800க்கு அப்புறம் 12, 1900க்கு அப்புறம் 13. 2000 இரண்டிலும் லீப் ஆண்டு என்பதால் 13 இன்னும் நீடிக்கிறது. 2100இல் 14 ஆகும். நியூட்டனுக்கே பிறப்புக்கு 10, இறப்புக்கு 11 கூட்ட வேண்டும். 1727 மார்ச் 20 என்பது புதிய முறையில் மார்ச் 31. அவர் மறைந்த 300ஆம் ஆண்டு 2027இல் வருகிறது; இரண்டு தேதியிலும் பதிவுகள் வரும், பார்த்துக்கொண்டே இருங்கள்.

நிறையப் பேர் சறுக்கும் இடம் ரஷ்யா. 1918இல் ரஷ்யா மாறியபோது இடைவெளி 13 என்பதால், எல்லா ரஷ்யத் தேதிக்கும் 13 கூட்டிவிடுகிறார்கள். சம்பவம் நடந்த நாளில் இருந்த இடைவெளியைத்தான் கூட்ட வேண்டும். தனிம வரிசை அட்டவணையைத் தந்த மெண்டலீவ் பிறந்தது பழைய முறையில் 1834 ஜனவரி 27. 12 கூட்டினால் பிப்ரவரி 8. அவர் அட்டவணையை வகுத்த நாளாகச் சொல்லப்படுவது 1869 பிப்ரவரி 17. புதிய முறையில் மார்ச் 1. யூக்ளிடுக்கு மாற்றான வடிவியலைப் படைத்த லோபாசெவ்ஸ்கி அதற்கு முந்தைய நூற்றாண்டுக்காரர். 1792 நவம்பர் 20 என்பதற்கு 11தான் கூட்ட வேண்டும், டிசம்பர் 1.

இதற்கெல்லாம் ஒரே சட்டம் இருக்கிறதா என்றால் இல்லை. ரஷ்யாவின் அக்டோபர் புரட்சியை நவம்பர் 7இல் கொண்டாடினார்கள்; மாற்றிக்கொண்டுவிட்டார்கள். 1605இல் நாடாளுமன்றத்தைத் தகர்க்கப் போட்ட வெடிமருந்துச் சதி முறியடிக்கப்பட்டதை ஆங்கிலேயர்கள் இன்றும் நவம்பர் 5இலேயே தீ மூட்டிக் கொண்டாடுகிறார்கள், மாற்றவில்லை. வழக்கமாகிவிட்ட தேதியை அப்படியே வைத்துக்கொள்வதில் ஒரு குற்றமும் இல்லை. இரண்டு பேரை அருகருகே வைத்து "ஒரே நாள்" என்று சொல்லும்போதுதான் நாட்காட்டியை ஒப்பிட வேண்டும். ராமானுஜன் விஷயத்தில் இந்தக் கவலையே இல்லை. 1887 டிசம்பர் 22க்குள் ஆங்கிலேய ஆட்சிப் பகுதி முழுக்கப் புதிய முறைதான்.

## பொங்கல் ஏன் நகர்கிறது?

நம் வீடுகளில் ஒருவருக்கு இரண்டு பிறந்தநாள் சாதாரணம். ஆங்கிலத் தேதி ஒன்று, தமிழ் மாதமும் நட்சத்திரமும் சேர்ந்து வரும் நாள் ஒன்று. (பள்ளியில் சேர்க்கும்போது வாத்தியார் போட்ட தேதியையும் சேர்த்தால் மூன்று.) இங்கே நடப்பது வேறு வகை விலகல்.

விவேகானந்தர் பிறந்தது 1863 ஜனவரி 12. அன்றைக்கு வங்காளத்தில் மகர சங்கராந்தி. இன்றைக்கு மகர சங்கராந்தியும் நம் பொங்கலும் ஜனவரி 14 அல்லது 15. விவேகானந்தர் பிறந்தநாள் 12இலேயே நிற்கிறது, பண்டிகை மட்டும் பின்தேதிக்கு நகர்ந்துவிட்டது.

நம் பஞ்சாங்கம் பருவ ஆண்டைப் பின்பற்றுவதில்லை. சூரியன் நட்சத்திரங்களின் பின்னணியில் ஒரு ராசியிலிருந்து கிளம்பி அதே இடத்துக்குத் திரும்ப ஆகும் காலத்தை வருடம் என்கிறது. இது நட்சத்திர ஆண்டு. பூமியின் அச்சு ஒரே திசையைப் பார்த்து நிற்காமல் சுமார் 26,000 வருடத்துக்கு ஒரு சுற்று என்று மிக மெதுவாகத் திசை மாறுகிறது. அதனால் சம இரவு வரும் இடம் நட்சத்திரங்களுக்கு எதிரே வருடாவருடம் துளித்துளியாகப் பின்வாங்குகிறது. விளைவு: நட்சத்திர ஆண்டு பருவ ஆண்டைவிட சுமார் 20 நிமிடம் நீளம். 60, 70 வருடத்துக்கு ஒரு நாள் வீதம் நம் மாதப் பிறப்புகள் ஆங்கில நாட்காட்டியில் பின்தேதிக்குத் தள்ளிப்போகின்றன.

இதைச் சரிப்படுத்த ஒரு முயற்சி நடந்தது. வானியற்பியலாளர் மேகநாத சாஹா தலைமையில் 1952இல் நாட்காட்டிச் சீர்திருத்தக் குழு அமைந்தது. அதன் பரிந்துரைப்படி பருவ ஆண்டை ஒட்டிய சக ஆண்டு தேசிய நாட்காட்டி 1957 மார்ச் 22 அன்று அமலுக்கு வந்தது. அரசிதழில் அந்தத் தேதி இன்றும் அச்சாகிறது. பொங்கல் வைப்பவர்கள் யாரும் அதைப் பார்ப்பதில்லை.

சுருக்கமாக: பழைய முறை, புதிய முறை வித்தியாசத்துக்குக் காரணம் ஒரே பருவ ஆண்டைத் தோராயமாகக் கணக்கிட்டது. பஞ்சாங்க வித்தியாசத்துக்குக் காரணம் வேறு ஆண்டையே தேர்ந்தெடுத்தது.

## நாளுக்கு ஒரே எண்

இத்தனை குழப்பத்தையும் வைத்துக்கொண்டு வானியலாளர்கள் எப்படி வேலை செய்கிறார்கள்? மாதம், வருடம் எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டு நாள்களை மட்டும் வரிசையாக எண்ணுகிறார்கள். கி.மு. 4713 ஜனவரி 1, ஜூலியன் கணக்கில், நண்பகலில் பூஜ்ஜியத்தில் தொடங்கி ஒன்று, இரண்டு என்று போகும். இதன் பெயர் ஜூலியன் நாள் எண். ஜூலியன் நாட்காட்டியோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அந்தத் தொடக்கத்தைத் தேர்ந்தெடுத்தவர் 1583இல் ஜோசப் ஸ்காலிஜர் என்ற அறிஞர்; வானியலில் நாள்களை எண்ண அதைப் பரப்பியவர் 19ஆம் நூற்றாண்டின் ஜான் ஹெர்ஷெல்.

2000 ஜனவரி 1இன் எண் 24,51,545. கலிலியோ இறந்த நாள் 23,20,796. நியூட்டன் பிறந்த நாள் 23,21,157. கழித்தால் 361. எந்த ஊர், எந்த நாட்காட்டி என்ற கேள்வியே எழவில்லை. கிழமையும் கையோடு கிடைக்கும்: எண்ணை 7ஆல் வகுத்து மீதி பூஜ்ஜியம் என்றால் திங்கள், 1 என்றால் செவ்வாய், அப்படியே போகும். நியூட்டனின் எண்ணுக்கு மீதி 6, ஞாயிற்றுக்கிழமை. கிழமைகள் எந்தச் சீர்திருத்தத்திலும் துண்டுபடவில்லை என்பதால் இந்தக் குறுக்குவழி செல்லுபடியாகிறது.

## பூஜ்ஜியம் இல்லாத வருடக் கணக்கு

கடைசியாக, பெரிய ஆண்டுவிழாக்களின் பொறி ஒன்று. 2016ஐ யுனெஸ்கோ அரிஸ்டாட்டில் ஆண்டு என்று அறிவித்தது. அவர் பிறந்து 2400 ஆண்டு நிறைவு. அரிஸ்டாட்டில் பிறந்தது கி.மு. 384. 384ஐயும் 2016ஐயும் கூட்டினால் 2400. கணக்கு சரியாக இருப்பது போலத் தெரியும்.

ஆனால் கி.மு. 1க்கு அடுத்த வருடம் கி.பி. 1. நடுவில் பூஜ்ஜியம் என்ற வருடமே இல்லை. கி.பி. முறையை 525இல் வகுத்த டயோனிசியஸ் எக்சிகுவஸ் ரோமன் எண்களில் எழுதியவர். அதில் பூஜ்ஜியத்துக்கு இடமில்லை. பூஜ்ஜியத்துக்குக் கணித விதிகள் எழுதிய பிரம்மகுப்தரின் நூலே அதற்கு நூறு வருடம் பின்னால், 628இல்தான் வந்தது. எனவே கி.மு. வருடத்தையும் கி.பி. வருடத்தையும் கூட்டியதும் 1 கழிக்க வேண்டும். 2016இல் ஆனது 2399 ஆண்டு. வானியலாளர்கள் இந்தத் தொல்லைக்காகவே கி.மு. 1ஐப் பூஜ்ஜியம், கி.மு. 2ஐ மைனஸ் 1 என்று எண்ணுகிறார்கள். அப்போது அரிஸ்டாட்டில் மைனஸ் 383.

அந்த 384கூட உறுதியான ஓர் எண் அல்ல. பழைய கிரேக்கக் குறிப்பு அவர் பிறந்ததை 99ஆவது ஒலிம்பியாடின் (ஒலிம்பிக் போட்டிகளை வைத்து எண்ணிய நான்கு வருடக் காலம்) முதல் வருடம் என்று சொல்கிறது. கிரேக்க வருடம் கோடையில் தொடங்கும். ஆகவே கி.மு. 384 கோடை முதல் 383 கோடை வரை எப்போது வேண்டுமானாலும் அவர் பிறந்திருக்கலாம். முதல் பாதி என்றால் 2400 நிறைவு 2017இல், இரண்டாம் பாதி என்றால் 2018இல். 2016 மட்டும் எந்தக் கணக்கிலும் வராது.